400 பீச் மரங்கள்

இன்று காலை, அமெரிக்க அரசிடம் நிலம் பெற்ற குடியேறி டேனியல் ஃபிரீமனின் நிலக் கோப்பைக் கணினித் திரையில் பெரிதாக்கிப் படித்துக்கொண்டிருந்தபோது, ‘400 பீச் மரங்கள்’ என்ற இடத்தில் கண் நின்றுவிட்டது.

1862ஆம் ஆண்டின் ஹோம்ஸ்டெட் சட்டப்படி, ஐந்தாண்டுகள் குடியிருந்து பயிர் செய்தவருக்கு அமெரிக்க அரசு 160 ஏக்கர் வரை நிலம் தந்தது. அதற்கு இரண்டு பேர் சாட்சி சொல்ல வேண்டும்.

நெப்ராஸ்கா மாநிலத்தின் பியாட்ரிஸ் ஊர் அருகே ஃபிரீமன் கட்டிய வீடு 14க்கு 20 அடி என்றும், இரண்டு கதவுகள், இரண்டு சன்னல்கள், பலகைத் தரை என்றும், நூறடி நீள ஆட்டுக்கொட்டகையும் ஏறத்தாழ 400 பீச் மரங்களும் உண்டு என்றும் அவருடைய சாட்சிகள் 1868இல் எழுதிக் கொடுத்தார்கள்.

சன்னலைக்கூட எண்ணிய அந்தத் தாளில், அவர் கடிதங்கள் வழியே மணம் பேசி 1865இல் மணந்த ஆக்னஸின் பெயர் இல்லை. ‘மனைவி, இரண்டு குழந்தைகள்’ என்பதோடு சரி.

அவள் மனத்தை அறியக் கடிதங்களைத்தான் தேட வேண்டும். எனக்கு இது பெரிய குறையாகவே படுகிறது.

அதே மண்ணுக்கு உரியவர்களாக இருந்த ஓட்டோ-மிசௌரியா என்ற பூர்வகுடி மக்களைப் பற்றி அந்தக் கோப்பில் ஒரு வரியும் கிடையாது. அவர்கள் 1881இல் இன்றைய ஓக்லஹோமாவுக்கு இடம்பெயர்க்கப்பட்டார்கள்.