கழுவாத குடல்

ஞாயிற்றுக்கிழமை விடிகாலை ஐந்தரைக்கெல்லாம் காவேரிப்பட்டணம் கறிக்கடையில் நிற்பேன். அதற்கு மேல் போனால், குடலைச் சுடுதண்ணீரில் முக்கிச் சுரண்டி வெள்ளையாக்கி வைத்துவிடுவார்கள். நமக்குக் குழம்பு வைக்க அது சரி. என் செவலைக்கு வேண்டியது கழுவாத இரைப்பை.

"கழுவாம கொண்டுபோயி என்னக்கா செய்வீங்க?" என்று கடைக்கார பாய் முதல் நாள் கேட்டார். நாய்க்கு என்றதும் மறுவார்த்தை பேசாமல் கட்டிக் கொடுத்தார். இப்போதெல்லாம் நான் போவதற்கு முன்பே தனியாக எடுத்து வைத்திருக்கிறார்.

செவலை எங்கள் மாந்தோப்பைக் காக்கும் நாட்டு நாய். பதினெட்டு கிலோ இருந்தவள், போன வருஷம் உண்ணிக் காய்ச்சல் வந்து எலும்பும் தோலுமாகிவிட்டாள். மருந்தில் காய்ச்சல் இறங்கியது, ஆனால் சாப்பாடு இறங்கவில்லை. பால்சோறு, முட்டை, கோழி வேகவைத்த தண்ணீர் எதை வைத்தாலும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நாலாம் நாள் வீட்டில் குடல் வாங்கியிருந்தோம். கிணற்றடியில் இரைப்பையைக் கிழித்து, உள்ளே இருந்த அரைத்த தழையைக் கொட்டிக்கொண்டிருந்தேன். படுத்த இடத்திலிருந்து தலையைத் தூக்கினாள். தள்ளாடி எழுந்து வந்து என் கையை நக்கினாள். ஒரு துண்டு கொடுத்தேன். மென்றாள். அந்த நாற்றத்தை வீட்டில் யாராலும் தாங்க முடியவில்லை, அவளை எழுப்பியது அதுதான். அன்று நான் அழுதுவிட்டேன்.

அதற்குப் பிறகுதான் தப்புச் செய்தேன். பச்சையாகக் கொடுப்பதே நல்லது, அதில் செரிமான நொதிகள் இருக்கின்றன, நன்மை செய்யும் கிருமிகள் இருக்கின்றன என்று வெளிநாட்டில் நாய் வளர்ப்பவர்கள் சொல்வதைக் கேட்டு, மூன்று மாதம் வேகவைக்காமலே போட்டேன். குடலோடு வந்த நுரையீரல், ஈரல் துண்டுகளையும் சேர்த்துத்தான். ஒருநாள் அவள் வெளிக்குப் போன இடத்தில் வெள்ளையாக, தட்டையாக, நெளிகிற துணுக்குகள். நாடாப்புழு.

கால்நடை மருத்துவர் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. "கண்ணுக்குத் தெரியிற புழுவுக்குப் பயப்படாதீங்கம்மா. தெரியாததுக்குப் பயப்படுங்க." ஆட்டின் நுரையீரலிலும் ஈரலிலும் சில சமயம் நீர் கோத்த வெள்ளைக் கட்டிகள் இருக்கும். அதைப் பச்சையாகத் தின்கிற நாயின் குடலில் அரிசியளவுகூட வளராத ஒரு நாடாப்புழு நூற்றுக்கணக்கில் ஒட்டிக்கொள்ளும். நாய்க்கு ஒன்றும் செய்யாது, ஓடியாடிக்கொண்டுதான் இருக்கும். ஆனால் அதன் மலத்தில் வரும் முட்டை நம் கை வழியாக வாய்க்குப் போனால், நம் ஈரலிலும் நுரையீரலிலும் அதே நீர்க்கட்டி வருஷக்கணக்கில் மெல்ல வளரும். செவலையின் கழுத்தைக் கட்டிக்கொண்டு தூங்குகிற என் மகளை நினைத்து அன்றிரவு எனக்குத் தூக்கமில்லை.

குடலை நிறுத்தவில்லை. கொடுக்கும் விதத்தை மாற்றினேன். நுரையீரல், ஈரல், சுவரொட்டி எதுவும் அவளுக்குக் கிடையாது. கட்டி தென்பட்டால் நாய் தோண்ட முடியாத ஆழத்தில் புதைத்துவிடுவேன். இரைப்பையை மட்டும் கிழித்து, தழையைத் தென்னைக்குழியில் கொட்டி மண்ணைத் தள்ளிவிடுவேன். பச்சைத் தண்ணீரில் ஒரே ஒரு அலசு. சுண்ணாம்பு, மஞ்சள், சுடுதண்ணீர்ச் சுரண்டல் எதுவும் இல்லை, அந்தக் கருந்தோல் அப்படியே இருக்க வேண்டும். அலசும்போது விரலால் தடவிப் பார்ப்பது அவசியம். சந்தை ஓரம் மேய்ந்த ஆட்டின் வயிற்றில் பிளாஸ்டிக் பை, கயிறு எல்லாம் எடுத்திருக்கிறேன். பிறகு கொல்லையில் விறகடுப்பு மூட்டி அரைமணி நேரம் கொதிக்கவிடுவேன். உப்பு இல்லை, மிளகாய் இல்லை. வெங்காயமும் பூண்டும் நாயின் ரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும், அவை கிட்டவே வரக்கூடாது.

கொதித்தால் சத்துப் போய்விடாதா என்பார்கள். நொதியும் கிருமியும் போகும்தான். புரதமும் கொழுப்பும் எங்கே போகப்போகின்றன? வாடையும் முழுசாகப் போவதில்லை, செவலை இன்னும் பாத்திரத்தைச் சுற்றித்தான் வருகிறாள். பல நாள் உறைய வைத்தாலும் நாடாப்புழுக் கட்டிகள் செத்துவிடும், ஆனால் சால்மோனெல்லா மாதிரிக் கிருமிகள் சாகாது. எங்கள் ஊரில் மின்சாரம் போய் வருகிற லட்சணத்துக்கு உறைபெட்டியை நம்பவும் முடியாது. எனக்கு அடுப்புதான்.

அத்தைக்கு இதெல்லாம் பிடிக்காது. "எங்க காலத்துல களி தின்னுதான் கண்ணு நாயி பட்டி காத்துச்சு" என்பார். அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஓநாயைவிட நாய்க்கு மாவுச்சத்தைச் செரிக்கும் மரபணு நகல்கள் பல மடங்கு என்று 2013-ல் சுவீடன் ஆராய்ச்சியாளர்கள் கண்டார்கள். மனிதனோடு வாழ்ந்து வாழ்ந்து வந்த மாற்றம். அதனால் தினமும் செவலைக்கு ராகிக் களிதான், முட்டையோடு. குடல் வாரம் இரண்டு நாள், களிக்கு மேலே இரண்டு கைப்பிடி. மிச்ச நாளில் கொஞ்சம் கோழிக்கறி.

குடலை மட்டுமே போட்டு வளர்க்காதீர்கள், குட்டிகளுக்குச் சொல்லவே வேண்டாம். பக்கத்துத் தெருப் பையன் ஒருவன் ஆசையாய் ஒரு குட்டி வாங்கி, குடலும் கோழித்தோலுமாகவே ஊட்டினான். நாலு மாதத்தில் முன்னங்கால் இரண்டும் வில்லாக வளைந்துவிட்டன. கறியிலும் குடலிலும் எலும்புக்குத் தேவையான சுண்ணாம்புச் சத்து போதாது, உடம்பு அதை எலும்பிலிருந்தே உருவ ஆரம்பித்துவிடும். நூறு கிராம் ராகியில் முன்னூறு மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச் சத்து உண்டு. அதுவும் முழுசாக உடம்பில் சேராது என்பதால், வளர்கிற குட்டிக்கு மருத்துவர் சொல்லும் அளவு தனியாகவே கொடுக்க வேண்டும். அந்தக் குட்டிக்கு இப்போது அப்படித்தான் நடக்கிறது. கால் கொஞ்சம் நேராகியிருக்கிறது.

செவலைக்கு ஆறு வாரத்துக்கு ஒரு தடவை எடைக்கு ஏற்ற பிராசிகுவான்டல் என்ற நாடாப்புழு மாத்திரை. அந்தச் சின்னப் புழு முட்டையிடும் பருவத்துக்கு வர அவ்வளவு காலம் ஆகும் என்பதால் அந்தக் கணக்கு. அடுப்படி நாள்காட்டியில் மகள்தான் அந்தத் தேதிகளில் சிவப்பு மையால் நாய்ப்படம் வரைந்து வைக்கிறாள். போன வாரம் எடை போட்டோம், பதினேழரை கிலோ.