சிறிய பெட்டிக்கு ஏற்ற மதர்போர்டு

மேசை ஓரத்தில் ஒரு தடித்த அகராதி பிடிக்கும் இடத்துக்குள் கணினி அடங்க வேண்டும் என்று முடிவு செய்த பிறகு, மினி ஐடிஎக்ஸ் அளவு மதர்போர்டை (கணினியின் பாகங்கள் எல்லாம் பொருந்தும் முதன்மைப் பலகை) விட்டால் எனக்கு வேறு வழி இருக்கவில்லை. 2001-இல் வியா நிறுவனம் அறிமுகப்படுத்திய இந்த அளவு, பக்கத்துக்கு 170 மி.மீ. கொண்ட சதுரம்; இதைவிடப் பெரிய அளவான மைக்ரோ ஏடிஎக்ஸ் 244 மி.மீ. வரை போகும்.

இடம் குறைவதால் பெரும்பாலும் நினைவகமான ராமுக்கு இரண்டு ஸ்லாட்டுகளும் கிராபிக்ஸ் கார்டுக்கு ஒன்றும்தான் கிடைக்கும். இரண்டு 8 ஜிபி ராம்களைப் பொருத்திவிட்டால், பின்னாளில் நினைவகத்தைக் கூட்ட விரும்பும்போது ஒன்றையாவது கழற்றித்தான் ஆக வேண்டும் என்பதால், நான் தொடக்கத்திலேயே இரண்டு 16 ஜிபி ராம்களைப் போட்டேன். வைஃபை கார்டு செருகத் தனி ஸ்லாட் மிஞ்சாது; ஆகவே அது போர்டிலேயே இருப்பது நல்லது.

நான் கோட்டை விட்டது வேறோர் இடத்தில். எஸ்எஸ்டி என்ற சேமிப்பகத்தைச் செருகும் இரண்டாவது எம்.2 ஸ்லாட் போர்டின் அடிப்பக்கத்தில் இருந்ததைக் கவனிக்காமல் அனைத்தையும் பூட்டிவிட்டேன். பிறகு ஓர் எஸ்எஸ்டியைச் சேர்ப்பதற்காக, மின் இணைப்புகளைப் பிடுங்கி, நான்கு மூலைத் திருகுகளையும் கழற்றி, போர்டையே வெளியே எடுக்க வேண்டியதாயிற்று. விவரக் குறிப்பைப் படிக்கும்போது, போர்டின் பின்பக்கப் படத்தையும் பாருங்கள். பிராசசரைக் குளிர்விக்கும் கூலரின் உயரம் பெட்டிக்குள் அடங்குமா என்பதையும் அப்போதே அளந்துவிடலாம்.