தம்பி சொன்னான், டீச்சர் எழுதினார்

என் தம்பி பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வை வாயால் சொல்லி முடித்தான். எழுதியது அரசு நியமித்த ஓர் ஆசிரியை. தண்டையார்பேட்டையில் எங்கள் தெருவில் இது புதுசு. “எழுத ஆள் எப்படிம்மா வாங்கினீங்க?” என்று கேட்டு வருகிறவர்களுக்கு வாசலில் நின்றபடியே சொல்லிக்கொண்டிருந்ததை இங்கே எழுதி வைக்கிறேன்.

அவனுக்கு இருப்பது டிஸ்லெக்ஸியா என்ற கற்றல் குறைபாடு. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016 சொல்லும் 21 வகைகளில் கற்றல் குறைபாடும் ஒன்று. ஒரு பாடத்தைக் காதால் கேட்டால் அடுத்த வாரம் கேட்டாலும் சொல்வான். எழுதச் சொன்னால் அரைப் பக்கத்துக்குள் ஒற்று காணாமல் போகும், துணைக்கால் இடம் மாறும், ண-ன-ந மூன்றும் ஒன்றாகிவிடும். ஒன்பதாவதில் பள்ளிக்கு வந்த சிறப்பாசிரியர் சொல்லும்வரை அவனுக்குச் ‘சோம்பேறி’ என்றுதான் பெயர். நைனா துறைமுகத்தில் ட்ரெய்லர் ஓட்டுகிறார், அம்மா காலையில் இட்லிக் கடை போடுகிறார். அதனால் அலைச்சல் எல்லாம் என் தலையில் விழுந்தது.

முதலில் அரசு மருத்துவமனை. கண், காது இரண்டையும் பார்த்துவிட்டுத்தான் மற்றது. குறை அங்கே இருந்தால் கணக்கே வேறு. அடுத்து ஐக்யூ சோதனை. “இவனுக்கு மூளை இல்லைன்னு எழுதிடுவாங்களோ” என்று அம்மா பயந்தார். விஷயம் தலைகீழ். அறிவுத்திறன் வயதுக்கேற்ப இருந்தும் படிப்பதும் எழுதுவதும் மட்டும் பின்தங்கியிருக்கிறதா என்று பார்க்கத்தான் அந்தச் சோதனை. பிறகு பெங்களூருவில் இருக்கும் நிம்ஹான்ஸ் மனநல மருத்துவ நிறுவனம் உருவாக்கிய சோதனைத் தொகுப்பு: வாசிப்பு, எழுத்து, கணக்கு எல்லாம் தனித்தனியாக. அதில் ஓர் ஆங்கிலப் பத்தியைக் கொடுத்தார்கள். தமிழ் வழியில் படிக்கிற பையன் ஆங்கிலத்தில் திணறினால் அது குறைபாடா, பழக்கமில்லாததா? கேட்டே விட்டேன். அந்த உளவியலாளர் கோபப்படவில்லை. எங்கள் பையில் இருந்த தமிழ்ப் புத்தகத்தை வாங்கி அதிலும் படிக்க வைத்தார். பழைய நோட்டுகளைக் கட்டாகக் கொண்டுபோனது அன்றைக்கு ரொம்ப உதவியது. ஆறாம் வகுப்பு நோட்டிலும் ஒன்பதாம் வகுப்பு நோட்டிலும் அதே பிழைகள். நான் வாயால் எவ்வளவு சொல்லியிருந்தாலும் அது போல ஆகியிருக்காது. பிள்ளையின் நோட்டுகளைப் பழைய பேப்பர்காரரிடம் போடாதீர்கள்.

சான்றிதழ் வந்ததும் வேலை முடிந்தது என்று நினைக்க முடியாது. சலுகைக்கான விண்ணப்பம் பள்ளி வழியாகத்தான் அரசுத் தேர்வுகள் இயக்ககத்துக்குப் போகிறது. நாமாக நுங்கம்பாக்கம் கல்லூரிச் சாலைக்குப் போய் நின்று பயனில்லை. பள்ளியில் ஒருவர், “பார்த்தா நல்லாத்தானே இருக்கான், இவனுக்கு எதுக்கு ஆள்?” என்றார். இன்னொருவர், குறைபாடு 40 சதவீதம் இருந்தால்தான் கிடைக்கும் என்று சாதித்தார். சட்டத்தின் 17ஆம் பிரிவில் கூடுதல் நேரம், எழுத ஆள், இரண்டாம் மூன்றாம் மொழிப்பாட விலக்கு எல்லாம் வெளிப்படையாகவே இருக்கின்றன. 2021 பிப்ரவரியில் விகாஷ் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றமும் எழுத ஆள் கேட்க 40 சதவீதம் கட்டாயமில்லை என்று சொல்லிவிட்டது. யுபிஎஸ்சி தேர்வு எழுத வந்தவருக்குக் கை எழுத ஒத்துழைக்காத பிரச்சினை. அவருக்கு ஆள் தர மறுத்ததால் வந்த வழக்கு அது. இரண்டையும் பிரிண்ட் எடுத்து மரியாதையாக மேசை மேல் வைத்தேன். சத்தம் போடவில்லை. தேர்வு எழுதுகிறவர்களின் பெயர்ப்பட்டியலைப் பள்ளி அனுப்பியபோது அதோடு விண்ணப்பமும் போனது. ஒரு மணி நேரம் கூடுதல், சொல்வதை எழுத ஆசிரியர் என்று ஆணை வந்தது.

மொழி விலக்கும் கேட்டிருக்கலாம். வீட்டில் இதற்கு ஒரு பெரிய சண்டை. ஆங்கிலத்தை விட்டுவிடு என்றேன் நான். “கிரேன் ஆபரேட்டர் ஆவணும்னா இங்கிலீஷ் பேப்பர் இருந்தா நல்லதுக்கா, அந்தப் பரீட்சையும் எழுதறேன்” என்றான். நைனா அவன் பக்கம். நான் தோற்றேன்.

யாரும் எங்களுக்குச் சொல்லாத விஷயம் ஒன்று உண்டு. எழுத ஆள் கிடைத்தால் மட்டும் போதாது, பிள்ளைக்குச் சொல்லத் தெரிய வேண்டும். எழுதுபவர் நாம் சொல்வதைத்தான் எழுதுவார். பாடம் தெரிந்த ஆசிரியராக இருந்தாலும் ஒரு சொல்லும் சேர்க்க மாட்டார், சேர்க்கவும் கூடாது. அரையாண்டில் தம்பி பேசுகிற வேகத்தில் கொட்டிவிட்டான். பாதிதான் தாளில் ஏறியது. அதற்குப் பிறகு தினமும் ராத்திரி மொட்டை மாடியில் பயிற்சி. நான் எழுதுவேன், அவன் சொல்வான். முதலில் கேள்வி எண், அப்புறம் தலைப்பு, “அடிக்கோடு போடுங்க”, ஒரு வாக்கியம், நிறுத்து. நான் பேனாவைத் தூக்கினால்தான் அடுத்த வாக்கியம். “புதுப் பத்தி” என்று சொல்லவே அவனுக்கு வெட்கம். கணக்குதான் பெரும்பாடு. “அடைப்புக்குறி, எக்ஸ் கூட்டல் 3, அடைப்பை மூடு, மேலே வர்க்கம்” என்று சொல்ல வேண்டும். அடைப்பை மூடச் சொல்ல மறந்தால் மூடாமலே விடுவேன். விடை தப்பாகப் போகும். அப்போதுதான் அவனுக்கு உறைக்கும். பாவம், அழுதும் இருக்கிறான். வடிவியலும் வரைபடமும் தலா 8 மதிப்பெண். கோடு போடுவதில் அவன் கை தடுமாறாது, எனவே அவற்றை அவனே போட்டான். சமூக அறிவியலில் வரைபடத்தில் இடம் குறிப்பதையும் அப்படித்தான். எதை வாயால் சொல்வது, எதைக் கையால் போடுவது என்று முன்கூட்டியே முடிவு செய்து, அறைக்குள் நுழைந்ததும் எழுதுபவரிடம் சொல்லிவிட வேண்டும்.

முடிந்தால் அறிமுகமில்லாத ஒருவரையும் எழுத வைத்துப் பாருங்கள். அக்கா என்றால் பாதி வாக்கியத்திலேயே புரிந்துகொள்வாள். நான் எங்கள் தெருவில் கல்லூரி போகிற ஒரு பெண்ணை உட்கார வைத்தேன். அன்றைக்குத்தான் அவனுக்கு வாய் உலர்ந்தது. அதன் பிறகு ஒரு தண்ணீர் பாட்டிலும் பயிற்சியில் சேர்ந்தது.

தேர்வு மையம் கொருக்குப்பேட்டை ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கம். கேட் போட்டால் எப்போது திறக்கும் என்று சொல்ல முடியாது; காலை 8 மணிக்கே தாண்டிவிடுவோம். அவனுக்குத் தனி அறை. மற்றவர்களுக்குப் பகல் 1.15க்கு மணி அடித்தால் இவனுக்கு 2.15. பசிக்கும் என்பதால் காலையில் அம்மா இரண்டு இட்லி கூடவே வைப்பார். முதல் நாள், கூடுதல் நேரம் இவனுக்கு உண்டா என்று அறையில் ஒரு குழப்பம். ஆணையின் நகல் கையில் இருந்ததால் அங்கேயே தீர்ந்தது. ஹால் டிக்கெட்டோடு அதையும் ஒட்டி வைத்தது போலக் கொண்டுபோகச் சொல்வேன்.

“டீச்சரே எழுதினா பாஸ் ஆகாம என்ன?” என்று உறவுக்காரர் ஒருவர் கேட்டார். கண்ணாடி போட்டுக்கொண்டு தேர்வு எழுதுகிறவரை யாரும் இப்படிக் கேட்பதில்லை. அறிவியல் தேர்வு அறிவியலைச் சோதிக்கட்டும். துணைக்காலை ஏன் அங்கேயும் சோதிக்க வேண்டும்?

தம்பி எல்லாப் பாடத்திலும் தேர்ச்சி. ஆங்கிலத்தில் மயிரிழைதான், அதைப் பற்றி வீட்டில் பேசக் கூடாது என்று ஒப்பந்தம்.

இப்போது பிளஸ் ஒன் படிக்கிறான். 14 வயதில் செய்த சோதனையை 18இல் திரும்பச் செய்ய வேண்டும். அப்போது தரும் சான்றிதழ் ஆயுளுக்கும் செல்லும். பிளஸ் டூ தேர்வுக்கு விண்ணப்பத்தைப் புதிதாகப் பள்ளி வழியாகவே கொடுக்கப் போகிறோம். உங்கள் பிள்ளை ஒன்பதாவது என்றால் பத்தாவது தொடங்கும்வரை காத்திருக்காதீர்கள். மருத்துவமனையில் ஒவ்வொரு சோதனைக்கும் வேறு வேறு நாள் கொடுப்பார்கள், அதற்குள் பெயர்ப்பட்டியல் போய்விடும். கோடை விடுமுறையிலேயே ஓ.பி. சீட்டு போட்டுவிடுங்கள்.