ஜனவரியில் பெய்யும் மழை

மலைப்பனியை அளப்பது என் வேலை. பனி எத்தனை அடி கிடக்கிறது என்பதைவிட, உருகினால் எவ்வளவு தண்ணீர் தேறும் என்பதே எங்களுக்கு முக்கியம். நீளமான குழாயைத் தரை தட்டும்வரை பனியில் இறக்கி, உள்ளே சிக்கியதோடு சேர்த்து எடை போடுவோம். புதிதாகப் பெய்த பனி 10 சென்டிமீட்டர் இருந்தால் ஏறக்குறைய 1 சென்டிமீட்டர் தண்ணீர். நாள்பட்டு இறுகிய பனியில் இது மூன்று, நான்கு மடங்காகும்.

இப்போதெல்லாம் குழாய் பாதியிலேயே முட்டி நின்றுவிடுகிறது. உள்ளே கெட்டியான பனிக்கட்டி அடுக்கு. நடுக்குளிர்காலத்தில் மழை பெய்து, அந்த ஈரம் பனிக்குள் இறங்கி உறைந்திருக்கிறது. குழாயைத் திருகித் திருகித்தான் இறக்குகிறோம். இப்படி அடுக்கு விழுந்த சரிவில் அடுத்து பெய்யும் பனிக்குச் சரியான பிடிப்பு இருக்காது. பனிச்சரிவுக்குப் பயந்தே அங்கே போவதைத் தள்ளிப்போட வேண்டியிருக்கிறது.

பொதுவாக 1000 மீட்டர் ஏறினால் வெப்பநிலை சுமார் 6.5 டிகிரி குறையும். ஆகவே காற்று 1 டிகிரி சூடானாலே, மழை பனியாக மாறும் எல்லை 150 மீட்டர் அளவுக்கு மேலேறிவிடும். இதில் முதலில் அடிபடுவது மலையின் நடுத்தர உயரம்தான். உச்சியில் குளிர் இன்னும் போதுமான அளவு இருப்பதால் சில ஆண்டுகளில் பனி கொட்டவும் செய்கிறது. அதைக் காட்டி "எங்கே குறைந்தது?" என்று கேட்கிறார்கள். கொஞ்சம் கீழே இறங்கிப் பாருங்கள் என்பேன்.

2024 ஜனவரியில் காஷ்மீரின் குல்மார்க் பனியில்லாமல் கிடந்தது பலருக்கும் நினைவிருக்கும். எங்கள் தொழிலில் இருப்பவர்களை அதிகம் உலுக்கியது 2015 ஏப்ரல் 1தான். கலிபோர்னியாவின் சியரா நெவாடா மலையில் பனி அளக்கப் போனவர்கள் வெறும் புல்தரையில் நின்றார்கள். மாநிலம் முழுக்க அன்று பனியில் தேங்கியிருந்த தண்ணீர், வழக்கமானதில் 5 சதவீதம்தான்.

அளவு குறைவது ஒரு பக்கம். என்னை அதைவிட வாட்டுவது, தண்ணீர் வரும் காலம் மாறுவது. கோடைவரை மலையில் தங்க வேண்டிய நீர், யாருக்கும் தேவைப்படாத ஜனவரியில் ஓடிவிடுகிறது. வசந்தத் தொடக்கத்துப் பனியை வைத்துக் கோடை ஆற்றுநீரைக் கணிக்கும் பழைய கணக்குகள், குளிர்காலம் முழுக்கப் பனி உருகாமல் சேரும் என்று நம்பிப் போட்டவை. அந்த நம்பிக்கை இன்று செல்லாது. அணைத் திறப்பையும் பாசன அட்டவணையையும் முடிவு செய்கிறவர்கள் குளிர்கால மழைக் கணக்கையும் எங்களிடம் கேட்டு வாங்க வேண்டும். அதுவும் ஒவ்வொரு மழைக்குப் பிறகும், உயரவாரியாக.