கேட் தேர்வில் ஸ்டாட் தெர்மோ: அந்தப் ‘பாதி’யை விட்டுவிடாதீர்கள்

கேட் (முதுநிலைப் பொறியியல் நுழைவுத்தேர்வு) ரிசல்ட் வந்துவிட்டது, பெரிய நிம்மதி. மதுரை நத்தம் சாலை கலைஞர் நூற்றாண்டு நூலகத்தில் அடுத்த முறைக்கு உட்கார்ந்து படிக்கிற தம்பி தங்கச்சிகளுக்கு ஸ்டாட் தெர்மோவில் (புள்ளியியல் வெப்ப இயக்கவியல்) ஒன்றே ஒன்றை அழுத்திச் சொல்கிறேன்: அணுப் பிணைப்புகளை எண்ணும்போது இரண்டால் வகுங்கள்.

மொத்தப் பிணைப்பு = அணுக்களின் எண்ணிக்கை × அணைவு எண் (ஒரு அணுவை ஒட்டியிருக்கும் அணுக்களின் எண்ணிக்கை) ÷ 2. ஒவ்வொரு பிணைப்பையும் இரண்டு முனையிலிருந்தும் எண்ணிவிடுகிறோம், அதற்காகத்தான் இந்தப் பாதி. ஏ, பி என்ற இரண்டு வகை அணுக்கள் ஒழுங்கின்றிக் கலந்திருக்கும் ரெகுலர் சொல்யூஷன் கணக்கு ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். அணைவு எண் 12. ஏ-பி பிணைப்பு ஆற்றலில் இருந்து ஏ-ஏ, பி-பி ஆற்றல்களின் சராசரியைக் கழித்தால் 0.01 எலக்ட்ரான் வோல்ட். கிரிட்டிக்கல் வெப்பநிலை (இதற்குக் கீழேதான் கலவை பிரியத் தொடங்கும்) 12 × 0.01 ÷ (2 × 8.617 × 10⁻⁵), அதாவது 696 கெல்வின். இதில் 8.617 × 10⁻⁵ போல்ட்ஸ்மன் மாறிலி. பிணைப்பைப் பாதியாக்காவிட்டால் 1393 வரும். பாதியாக்கிவிட்டு, ஏ-பி, பி-ஏ என இரு வகையாக அமையலாம் என்பதை விட்டால் 348. மூன்றுமே நம்பும்படியான எண்கள்! நியூமெரிக்கல் கேள்வியில் எச்சரிக்க ஆப்ஷனும் கிடையாது. நான்கு அணுக்களை வளையமாக வரைந்து விரலால் எண்ணுங்கள்: நான்கு பிணைப்பு, எட்டு அல்ல. ஃபார்முலா ஷீட்டைவிட இந்தப் படத்தைத்தான் நான் நம்புவேன்.

அடுத்து குறி. அந்த வித்தியாசம் பாசிட்டிவ் என்றால் குளிரும்போது இரண்டும் பிரியும். நெகட்டிவ் என்றால் ஏ-யும் பி-யும் மாறி மாறி அமையும், இதைத்தான் ஒழுங்கு என்கிறோம்.

ஒழுங்குக்குப் பாட உதாரணம் பீட்டா பித்தளை: ஏறக்குறைய பாதிக்குப் பாதி செம்பும் துத்தநாகமும், பிசிசி (கனசதுரத்தின் நடுவிலும் ஒரு அணு), அணைவு எண் 8. வீட்டுப் பித்தளைச் சொம்பு, குடத்தை மனதில் வைக்காதீர்கள். 30% துத்தநாகம் உள்ள பித்தளை எஃப்சிசி (கனசதுரத்தின் முகங்களிலும் அணு), ஆல்ஃபா. பீட்டாவில் 460 டிகிரி செல்சியஸ் வாக்கில் ஒழுங்கு படிப்படியாகக் குறைந்து மறைகிறது. பிராக்-வில்லியம்ஸ் முறைப்படி (ஒவ்வொரு அணுவும் மற்றவற்றின் சராசரியை மட்டும் உணரும் என்று கொள்ளும் ‘சராசரிப் புலம்’ முறை) அதற்கு மேல் கூடுதல் வெப்ப ஏற்புத்திறன் சட்டெனப் பூஜ்யம். உண்மையில் ஒரு வால் நீளும், ஏனென்றால் பக்கத்து அணுக்களுக்குள் குறுந்தொலைவு ஒழுங்கு மிச்சமிருக்கும். சராசரிப் புலம் அதைப் பார்ப்பதில்லை. ஐசிங் மாதிரியில் (ஒவ்வொரு இடமும் இரண்டில் ஒரு நிலையில் இருந்து, பக்கத்து இடத்தோடு மட்டும் வினைபுரியும் மாதிரி) சதுர லாட்டிஸின் கிரிட்டிக்கல் வெப்பநிலைக்கு ஆன்சாகரின் துல்லியமான 1944 விடை J/k அலகில் (J பக்கத்து இடங்களின் வினை ஆற்றல், k போல்ட்ஸ்மன் மாறிலி) 2.269, சராசரிப் புலம் 4 என்று மிகையாகச் சொல்வதும் இதனால்தான்.

மீதி சுருக்கமாக:
- செம்பு-தங்கம் 3:1 கலவையில் மாற்றம் 390 டிகிரி செல்சியஸ் வாக்கில், முதல் வகை (ஒழுங்கு படிப்படியாக இல்லாமல் திடீரென மறையும்). பீட்டா பித்தளையோடு குழப்பாதீர்கள்.
- ஒரு பரிமாண ஐசிங்: மாற்றமே இல்லை.
- நான்கைந்து அணுக்களுக்கு ஸ்டிர்லிங் (பெரிய எண்களின் ஃபாக்டோரியல் மடக்கைக்கான தோராயம்) போடாதீர்கள். 4! மடக்கை 3.18, ஸ்டிர்லிங் 1.55 தரும்.
- ஷாட்கி, ஃப்ரெங்கல் குறைகளில் (படிகத்தில் ஜோடியாக உருவாகும் குறைகள்) அடுக்குக்குறிக்குள் இன்னொரு 2 வகுக்கும். தனி வேகன்சியில் (அணு இல்லாத காலி இடம்) இல்லை.
- அடுக்குக்குறிக்குள் போகும் எண்ணை முன்கூட்டியே ரவுண்ட் செய்யாதீர்கள். வேகன்சி ஆற்றல் 1 எலக்ட்ரான் வோல்ட், 1000 கெல்வின் என்றால் காலி இடங்களின் விகிதம் 9.1 × 10⁻⁶. வெப்ப ஆற்றலை (kT) 0.0862-க்குப் பதில் 0.09 என்று போட்டால் 1.5 × 10⁻⁵ ஆகிவிடும்.