யோனிப் பூஞ்சைத் தொற்று: முதலில் அரிப்பைக் கவனியுங்கள்

வெள்ளைப்பட்டாலே பூஞ்சைதான் என்று முடிவுகட்டி, மருந்துக்கடையில் களிம்பு வாங்கிப் பூசுகிறவர்கள் நிறையப் பேர். அவர்களில் பலருக்கு இருப்பது வேறு தொற்று.

கேண்டிடா என்ற பூஞ்சை பெருகிவிட்டால் முக்கியமான தொல்லை அரிப்பு. யோனிக்குள்ளும் வெளித்தோலிலும் நமைச்சல் எடுக்கும்; தூங்கவிடாது. தோல் சிவந்து வீங்கும், சில இடங்களில் மெல்லிய வெடிப்பு விழும். உடலுறவின்போது வலிக்கும். மாதவிடாய்க்கு முந்தைய வாரத்தில் இதெல்லாம் கூடுவதுண்டு.

வெள்ளை, திரிந்த பால்போலத் திட்டுத்திட்டாகப் படும் என்பார்கள். உண்மைதான், ஆனால் அதை மட்டும் நம்ப வேண்டாம். சிலருக்கு நீர்த்திருக்கும், சிலருக்குப் படவே படாது. வாடைதான் நல்ல துப்பு. பூஞ்சையில் துர்நாற்றம் அநேகமாக இருக்காது. மீன் நாற்றத்தோடு சாம்பல் நிறத்தில் நீர்த்துப் பட்டால் பாக்டீரியல் வஜைனோசிஸாக (யோனியில் பாக்டீரியாக்களின் சமநிலை குலைவது) இருக்கலாம். மஞ்சளாகவோ பச்சையாகவோ நுரைத்து வந்தால் ட்ரைக்கோமோனஸ் என்ற ஒட்டுண்ணித் தொற்றைச் சந்தேகிக்க வேண்டும். அது உடலுறவால் பரவுவது, துணைக்கும் சிகிச்சை தேவை. இந்த இரண்டையும் பூஞ்சைக் களிம்பு தொடாது. பரிசோதனையில் யோனியின் பிஹெச் (அமிலத்தன்மையைக் காட்டும்) அளவு இவ்விரண்டிலும் பொதுவாக 4.5-ஐத் தாண்டியிருக்கும், பூஞ்சையில் தாண்டாது.

சிறுநீர் கழிக்கும்போது எரிகிறதா? புண்பட்ட வெளித்தோலில் சிறுநீர் படும்போது மட்டும் எரிந்தால் பூஞ்சையாக இருக்கலாம். உள்ளே எரிந்து, அடிக்கடி அவசரமாகப் போக வேண்டியிருந்தால் சிறுநீர்த் தொற்றுக்குப் பாருங்கள்.

ஆன்டிபயாடிக் சாப்பிட்ட பிறகும், கர்ப்பத்திலும், கட்டுப்படாத சர்க்கரை நோயிலும் பூஞ்சை எளிதாகப் பெருகும். உள்ளே பீய்ச்சிக் கழுவுவது, வாசனைச் சோப்பு போடுவது இரண்டையும் தயவுசெய்து விட்டுவிடுங்கள், எரிச்சலைத்தான் கூட்டும்.

வழக்கமான சிகிச்சை, க்ளோட்ரிமசோல் 500 மி.கி. யோனி மாத்திரை ஒருமுறை, அல்லது வாய்வழியாக ஃப்ளுகோனசோல் 150 மி.கி. ஒருமுறை. மருந்து போட்ட அன்றே அரிப்பு நிற்காது, சில நாள் ஆகும். யோனிக்குள் வைக்கும் மருந்துகள் ஆணுறையைப் பலவீனப்படுத்தலாம். கர்ப்பிணிகள் தாமாக ஃப்ளுகோனசோல் சாப்பிடக் கூடாது. அவர்களுக்கு 7 நாள் யோனி மருந்துதான் வழக்கம்.

முதல்முறை வருகிறது, காய்ச்சல், அடிவயிற்று வலி, கொப்புளம், ரத்தம் என்றால் மருத்துவரிடம் போய்விடுங்கள். ஓராண்டில் 3 முறைக்கு மேல் திரும்பினால் கசிவை எடுத்து கல்ச்சர் (ஆய்வகத்தில் கிருமியை வளர்த்து வகை காண்பது) செய்யச் சொல்லிக் கேளுங்கள். கேண்டிடா கிளாப்ரேட்டா போன்ற வகைகள் ஃப்ளுகோனசோலுக்குச் சரியாக அடங்குவதில்லை. கூடவே ரத்தச் சர்க்கரையையும் பார்த்துவிடுங்கள்.