ரிஃபாம்பிசின் என்னும் பெயர்

மும்பை தாராவியில், 90 அடிச் சாலைக்கு அருகே காசநோய் மருந்து வழங்கும் மையம் ஒன்றில் நான் மருந்தாளுநராக இருந்தபோது, திருநெல்வேலிப் பக்கத்து அம்மா ஒருவர் மூன்றே நாளில் மாத்திரையை நிறுத்திவிட்டார். சிறுநீர் சிவப்பாகப் போவதைக் கண்டு இரத்தம் என்று அஞ்சியிருக்கிறார். அதிலுள்ள ரிஃபாம்பிசின் என்னும் காசநோய் மருந்து சிறுநீரையும் வியர்வையையும் கண்ணீரையும்கூடச் செம்மஞ்சளாக்கும், அதனால் தீங்கில்லை என்று முதல் நாளே நான் சொல்லியிருக்க வேண்டும். சொல்லாதது என் தவறு.

உடன் வந்த மகள், பள்ளி மாணவி, மாத்திரை அட்டையைப் பார்த்துவிட்டு, "ரிஃபாம்பிசின்னா சிவப்புன்னு அர்த்தமாண்ணே?" என்று கேட்டாள். நானும் அப்படித்தான் எண்ணியிருந்தேன். ஆனால் உறுதியாகத் தெரியாததால், பார்த்துச் சொல்கிறேன் என்றேன்.

அன்றிரவு தேடிப் படித்தபோது அந்தப் பெயரில் நிறமே இல்லை என்று தெரிந்தது. 1957இல் பிரான்சின் தென்கடற்கரைப் பைன் காட்டிலிருந்து எடுத்த மண்ணை மிலான் நகரின் லெப்பெட்டிட் ஆய்வகத்தில் பியரோ சென்சியின் குழுவினர் ஆராய்ந்து, அதிலிருந்த நுண்ணுயிரி சுரந்த பொருளுக்கு, அப்போது பெயர்பெற்றிருந்த 'ரிஃபிஃபி' என்ற பிரெஞ்சுக் கொள்ளைக்கதைப் படத்தின் பெயரைச் செல்லமாகச் சூட்டினார்கள். கைகலப்பைக் குறிக்கும் கொச்சைச் சொல் அது. அதிலிருந்தே ரிஃபாமைசின் என்ற மருந்துப் பெயர் பிறந்தது. 'மைசின்' என்ற ஈறு, பூஞ்சையைக் குறிக்கும் கிரேக்கச் சொல்வழி வந்தது. வாய்வழி உட்கொண்டால் உடலில் சேராத அம்மருந்தைப் பலவாறு மாற்றி 1965இல் உருவாக்கியதே ரிஃபாம்பிசின். இப்பெயரின் இடையில் 'ஆம்பி' என்று வருகிறது. பெனிசிலின் வகை மருந்தான ஆம்பிசிலினோடு அதற்கு உறவில்லை என்பதை இங்கே சொல்லியாக வேண்டும், ஏனெனில் பெனிசிலின் ஒவ்வாமை உள்ளவர்கள் இந்த எழுத்துகளைக் கண்டு தயங்கியதை நான் பார்த்திருக்கிறேன்.

ஒன்றரை ஆண்டு, சில வேளை அதற்கும் மேல் நீண்ட காசநோய்ச் சிகிச்சை ஆறு மாதமாகச் சுருங்கியதில் இம்மருந்துக்குப் பெரும்பங்கு உண்டு. அந்த ஆறு மாதத்தை ஒருவர் மூன்றாம் நாளில் கைவிட நேர்ந்தது என்னை வெகுநாள் உறுத்தியது.

மறுவாரம் இருவரும் வந்தபோது மகளிடம் படத்தின் கதையைச் சொன்னேன். தாயிடம் நிறத்தைப் பற்றிப் பொறுமையாக விளக்கினேன். அவர் மருந்தைத் தொடர்ந்தார். அதன்பின் புதிதாக வரும் எவருக்கும், நிறத்தைச் சொல்லி முடித்த பிறகே மாத்திரை அட்டையைக் கையில் கொடுத்தேன்.